பரிசலில் ஒரு ஆமாம்

ஒட்டுப்பாறைத் துறையில் சென்றாயன், பச்சியப்பன், முனிரத்தினம் என்று மூன்று பேர் பரிசல் ஓட்டினார்கள். மூணுக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். பரிசல் மட்டும் ஒன்று. பச்சியப்பன் பெண்டாட்டி காத்தாயி தன் கம்மலை விற்று வாங்கிக் கொடுத்தது. "இது இல்லாம வீட்டுப் பக்கம் வந்தீங்க, சோறு கிடையாது" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

வெள்ளைக்காரர் ஒருவர் சவாரிக்கு வரப்போகிறார் என்றதும் டியூஷன் வாத்தியாரிடம் ஓடினார்கள்.

"அவர் எது சொன்னாலும் ஒத்துக்கங்க. யெஸ், ஆஃப் கோர்ஸ், எக்ஸாக்ட்லி. ஒவ்வொண்ணா மாத்தி மாத்திச் சொல்லுங்க. நம்ம ஊர் வழக்கமா தலையைப் பக்கவாட்டில ஆட்டாதீங்க, முடியாதுன்னு நினைச்சுக்குவார். மேலும் கீழும் நல்லா ஆட்டணும்" என்றார் வாத்தியார்.

வழியெல்லாம் விவாதம்.

"நல்லான்னா எவ்வளவு?"

"கழுத்து வரைக்கும் ஆட்டினா அது சும்மா மரியாதை. இடுப்போட ஆட்டினாத்தான் மனசார ஒத்துக்கிட்டதா அர்த்தம்" என்றான் முனிரத்தினம். மூணு பேரில் அவன்தான் படித்தவன், ரெண்டாம் வகுப்பு.

பரிசலில் வெள்ளைக்காரர் ஒரு பக்கம். அவர் கண்ணில் படவேண்டுமே என்று மூன்று பேரும் எதிர்ப்பக்கம்.

"பியூட்டிஃபுல் ரிவர்" என்றார்.

"யெஸ்!" மூன்று பேரும் இடுப்போடு குனிந்து நிமிர்ந்தார்கள். பரிசல் ஆடியது.

"ஐயோ, ஆடுதே" என்று அவர் பாஷையில் பதறினார்.

"ஆஃப் கோர்ஸ்!" இன்னொரு ஆட்டு. ஒரு குடம் தண்ணீர் உள்ளே வந்தது.

"ஸ்டாப் இட்! ஸ்டாப்!"

நிறுத்தச் சொல்கிறார். ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா? "எக்ஸாக்ட்லி!" என்று பலமாக ஒரே ஆட்டு. பரிசல் கவிழ்ந்தது.

நல்லவேளை, நெஞ்சளவு தண்ணீர்தான். வெள்ளைக்காரர் தொப்பியைக்கூட எடுக்காமல் கரையேறி ஓடியே போனார். பரிசல் மெல்ல மிதந்து நகர்ந்தது.

"டேய், கம்மல் போகுதுடா! பிடிக்கலாமா?" என்று பச்சியப்பன் அலறினான்.

"யெஸ்!" என்று குனிந்தார்கள். மூன்று தலையும் தண்ணீருக்குள் போய் வந்தது.

"சீக்கிரம் பிடிக்கணும்டா!"

"ஆஃப் கோர்ஸ்!" மறுபடி முங்கி எழுந்தார்கள். பார்த்தால் பரிசல் வளைவு தாண்டிப் போய்விட்டது.

சத்தம் கேட்டுக் கரைக்கு ஓடிவந்தாள் காத்தாயி.

"அடப்பாவிகளா! என் பரிசலைத் தொலைச்சிட்டு நிக்கிறீங்களா?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

"எக்ஸாக்ட்லி!"

அப்புறம் கொஞ்ச நேரம் தண்ணீருக்கு மேலே யாருமே இல்லை.