சாவடியில் தோண்டிய குழி

நான் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டீர்கள். மீதிப் பேர் கேளுங்கள்.

நெசவாளி செங்கோடன் வீட்டில் தறி ஒன்று, நெய்பவர் காலைத் தொங்கவிடும் தறிக்குழி இரண்டு. அப்பன் செத்த பிறகு அவர் தறி விறகாகப் போனது. அந்தக் குழியில் கோழி அடைகாத்தது. வரி வாங்க வந்த மணியக்காரர் ராயப்பர் உள்ளே எட்டிப் பார்த்துக் குழிகளை எண்ணினார். "ரெண்டு குழி, ரெண்டு தறி வரி" என்றார். செங்கோடன் மறுத்ததும், ஓடுகிற தறியைக் கழற்றி வரிச்சாவடிக்குத் தூக்கிப் போய்விட்டார். ஜமீன்தார் மகளின் கல்யாணப் புடவை அதில் பாதி நெய்தபடி இருந்தது.

"வெள்ளிக்கிழமை புடவை வந்தாகணும்" என்று ஜமீன்தார் ஆள் அனுப்பினார். செங்கோடன் கடப்பாரையோடு சாவடிக்குப் போனான். மணியக்காரரின் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுத் தரையைத் தோண்ட ஆரம்பித்தான்.

"அடேய், என்னடா பண்றே!" மணியக்காரர் போட்ட கூச்சலில் ஜமீன்தாரே வந்துவிட்டார்.

"தறி இங்க இருக்குதுங்க சாமி. காலை விட்டு மிதிக்கக் குழி வேணுமில்லீங்களா?" என்றான் செங்கோடன். "குழியை எண்ணித்தான் வரின்னு மணியக்காரர் சொல்லீட்டாருங்க. எங்கப்பன் விட்டுப்போன கோழிக்குழிக்குக்கூட வரி போட்டாரு. இந்தக் குழி அவரு சாவடியில இருக்குது. இதுக்கு வரி அவருதானுங்க கட்டோணும்."

ஜமீன்தார் மணியக்காரரைத் திரும்பிப் பார்த்தார். வரி அங்கேயே தள்ளுபடி ஆனது. தறியின் ஒரு முனையை மணியக்காரரே தூக்கிக்கொண்டு போய் வீடு சேர்த்தார்.

"சாவடிக் குழியை யாருடா மூடுவா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"மூட வேண்டாமுங்க. அடைக்கோழி ஒண்ணு அனுப்பி வைக்கிறேன்" என்றான் செங்கோடன்.