செங்கோடன் பிடுங்காத வேலி

ஒரு ஊர்ல ஒரு கிளுவ வேலி இருந்துச்சு கண்ணு. காங்கேயத்துக்குக் கெழக்க, ஆடு மேயற காட்டைச் சுத்தி மூணு பக்கமும் முள்ளும் தழையுமா நின்னுச்சு. நாலாவது பக்கம் வீடும் ஆட்டுப்பட்டியும். காட்டுக்காரர் பேரு செங்கோடன், அவரு சம்சாரம் பாவாயி. ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன். ஆங்.

அவங்க ரெண்டு பேரும் கல்யாணம் கட்டினதே அந்த வேலியாலதான். பாவாயியோட அப்பன் காடு இந்தக் காட்டைக் கெழக்கயும் தெக்கயும் ஒட்டிக் கெடந்துச்சு. அந்தப் புள்ள அங்க ஆடு மேய்ச்சுட்டு இருந்தப்போ, ஒரு குட்டி வேலிக்குள்ள சிக்கிக்கிச்சு. ம்மே, ம்மேன்னு ஒரே கத்து. அப்போ இந்தப் பக்கம் இருந்த செங்கோடன் முள்ளை வெலக்கி, கையெல்லாம் கீறலோட, குட்டியைத் தூக்கி அந்தப் பக்கம் நீட்டினாரு.

"கை எரியுதுங்களா?"ன்னு கேட்டுச்சு புள்ள.

"இல்லீங்க"ன்னாரு.

அவ்வளவுதான் பேச்சு. ஆனா அப்புறம் தெனமும் ரெண்டு வீட்டு ஆடும் அந்த வேலியோரமாவேதான் மேஞ்சுது.

அப்புறம் கல்யாணம் ஆச்சு, புள்ளைக பொறந்துச்சு, பேரன் பேத்தியும் வந்தாச்சு. ரெண்டு பேருக்கும் தலை நரைச்சுது. வேலியும் மழையில்லாமக் காஞ்சு, அடியில சந்து சந்தா விட்டுப் போச்சு. அது வழியா தெருநாய்க பூந்து ஆட்டைக் கடிக்க ஆரம்பிச்சுது.

"கல்லுக்கால் நட்டு கம்பி வலை அடிச்சுருலாமுங்க"ன்னாங்க பாவாயி.

வேலைக்கு ஆளு கெடைக்கல. அப்போ செங்கோடன் போயி புதுசா ஒரு மினி டிராக்டர் ஓட்டியாந்தாரு. செவப்புக் கலரு. காளை மாட்டைவிடக் கொஞ்சம்தான் பெருசு. பின்னாடி, மண்ணைக் குடைஞ்சு குழி போடற பெரிய திருகு. டுப் டுப் டுப் டுப்புனு அது கெளம்புனா, மரத்துல இருக்கற மயிலெல்லாம் எட்டிப் பாக்கும்.

மொதல்ல கெழக்குப் பக்கம். காஞ்ச தூருல சங்கிலியைப் போட்டு இழுத்தாரு, படக், படக்குனு வேரோட வந்துச்சு. அப்புறம் குழி போடப் போனா, டங். பாறை. திருகு எறங்க மாட்டேங்குது. பாவாயி கடப்பாரையால தட்டித் தட்டிப் பாத்து, "இங்க மண்ணு இருக்குதுங்க, இங்க போடுங்க"ன்னாங்க. கிர்ர்ர்ருனு எறங்கிருச்சு.

அப்புறம் வடக்குப் பக்கம், பள்ளம். பாதி வேலையில மழை பிடிச்சுக்கிச்சு. சக்கரம் சதக்குனு சேத்துல பொதைஞ்சுது. வேகத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் கீழதான் போகுது. பிடுங்கிப் போட்ட கிளுவக் கட்டையை பாவாயி வாரியாந்து சக்கரத்துக்கடியில அடைச்சாங்க. டுர்ர்ர்... ஏறி வந்துருச்சு.

அப்புறம் தெக்குப் பக்கம். அங்கதான் அவருக்குக் கை வரல. குட்டியை நீட்டின எடம் அதுதானேன்னு அவரு மனசு. சங்கிலியை மாட்டுவாரு, கொஞ்ச நேரம் நிப்பாரு, கழட்டிருவாரு. ஒரு நா "டீசல் இல்ல புள்ள"ம்பாரு. இன்னொரு நா "திருகு சூடாகுது"ம்பாரு. அப்புறம் "கம்பி பத்தாது போல"ம்பாரு. உள்ளதைச் சொல்ல வெக்கம். தாத்தனாகிட்ட ஆளு பாரு. ம்? தூங்கிட்டயா? சரி, கேளு.

அப்போ ஒரு மத்தியானம், அந்த தெக்குச் சந்துல நாய்க பூந்துருச்சு. லொள் லொள்ளுனு செனை ஆட்டை வளைச்சுக்கிச்சுக. பாவாயி ஒரு கம்பைத் தூக்கிட்டு நடுவுல ஓடினாங்க. ஆடு தப்பிச்சுது. ஒரு நாய் அந்தம்மா கெண்டைக்காலைக் கவ்விருச்சு.

செங்கோடன் ஓடியாந்தாரு. காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, டிராக்டர் மட்கார்டு மேல உக்கார வெச்சு, ஒரு கையால அவங்களைப் பிடிச்சுட்டே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாரு. ஊசி போட்டாங்க. திரும்பி வர்ற வழியில ஒரு வேப்பமரத்தடியில வண்டியை நிறுத்தினாரு.

"என்னாலதான் புள்ள நீ கடி வாங்கினே"ன்னாரு. "அந்த வேலியைப் பிடுங்க எனக்கு மனசில்ல. உன்னை மொதல்ல பாத்த எடமாச்சே அது."

பாவாயி அவரையே பாத்தாங்க. அப்புறம் கால் வலியோட சிரிக்க ஆரம்பிச்சாங்க.

"அது தெக்க இல்லீங்க. கெழக்கு மூலை. அதை நீங்க மொத நாளே பிடுங்கிட்டீங்க."

அவரு மெதுவா, "அப்பவே சொல்லியிருக்கலாமல்ல?"ன்னாரு.

"சொல்லத்தான் வாயெடுத்தேனுங்க. நீங்க புது வண்டி மேல உக்காந்து, அன்னிக்குக் குட்டியை நீட்டினப்போ சிரிச்சீங்களே, அதே சிரிப்புச் சிரிச்சுட்டு இருந்தீங்க. வேலி போனாப் போகுதுன்னு உங்களைப் பாத்துட்டே நின்னுட்டேன்."

அவரு அவங்க கையைப் பிடிச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. அப்புறம் மறுநா தெக்கு வேலியில சங்கிலியை மாட்டினாரு, படக்குனு இழுத்தாரு.

மூணு பக்கமும் வேலி அடைச்சாச்சு. ஆடெல்லாம் பட்டியில படுத்தாச்சு. கதையும் வீடு போய்ச் சேந்துருச்சு. நீயும் கண்ணை அடைச்சுக்க, கண்ணு.