செட்டில் வராதவர்

முன்னொரு காலத்தில், அதாவது போன தை மாதத்தில், தாராபுரம் ரோட்டில் இருந்த ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குப் புத்தம்புது கிளட்ச் பிளேட் ஒன்று அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. கூடவே பிரஷர் பிளேட்டும் பேரிங்கும் வந்தன. மூன்றையும் சேர்த்துக் கடைக்காரர்கள் ‘செட்’ என்பார்கள். செட் என்றால் எல்லாம் அதில் அடக்கம் என்று ஊரே நம்புகிறது. பிளேட்டும் அப்படித்தான் நம்பியது.

“என்னை ஒரு பக்கம் நீ அழுத்துவாய். சரி, மறுபக்கம் யார்?” என்று பிரஷர் பிளேட்டிடம் கேட்டது.

“அவர் செட்டில் வரமாட்டார். ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். பெரிய இடம்,” என்றது பிரஷர் பிளேட், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

மெக்கானிக் சென்னியப்பன் காலையிலிருந்து முதுகு ஒடிய வேலை பார்த்து கியர்பாக்ஸை இறக்கி வைத்திருந்தார். எஞ்சினின் பின்புறம் கனத்த இரும்புச் சக்கரமாக உட்கார்ந்திருந்தது ஃப்ளைவீல். எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும். அந்தச் சுற்றை வாங்கி கியர்பாக்ஸுக்குக் கொடுப்பதுதான் பிளேட்டின் வேலை. ஆக, ஆயுசு முழுக்க அந்த முகத்தோடு முகம் உரசிக் குடித்தனம் நடத்த வேண்டும்.

“வா தம்பி,” என்றது ஃப்ளைவீல். “நான் கம்பெனியிலிருந்தே வண்டியோடு வந்தவன். உனக்கு முன்னால் இங்கே மூன்று பேர் வேலைக்கு வந்தார்கள். மூன்று பேருமே சோப்ளாங்கி. என்னைப் பார், இத்தனை வருஷத்தில் ஒரு தலைவலி, காய்ச்சல் உண்டா?”

பிளேட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு பெரிய மனிதரோடு வேலை என்றால் சும்மாவா!

அப்போது கீழே சாக்கின் மேல் கிடந்த பழைய பிளேட் இருமியது. உடம்பெல்லாம் கருகி, பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

“ஐயா, உங்களுக்கு என்ன வயசு?”

“பதினாலு மாசம்.”

புதுசுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அவர் முகத்தைக் கிட்டப் போய்ப் பார்,” என்றது பழையது. “நீலம் நீலமாகச் சூட்டுத் திட்டு, நடுவில் வெடிப்பு. நானாகத் தேயவில்லை, அவர் என்னைச் சுரண்டியே தீர்த்தார். கிளம்பும்போதெல்லாம் வண்டி கிடுகிடுவென்று உதறும். உடனே ‘கிளட்ச் போச்சு’ என்று என் தலையில் கட்டுவார்கள். ஃப்ளைவீல் போச்சு என்று யாராவது வாயைத் திறந்தார்களா?”

“போகிற போக்கில் சேற்றை வாரி இறைக்கிறான்,” என்றது ஃப்ளைவீல், கோபமே இல்லாமல்.

சென்னியப்பன் ஃப்ளைவீலைத் துணியால் துடைத்துவிட்டு, அதன் முகத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் வெடிப்பில் மாட்டிக்கொண்டு நின்றது. பிளேட்டுக்கு உயிர் வந்தது. அவரை மாற்றிவிடுவார்கள், நான் பிழைத்தேன் என்று நினைத்தது.

வண்டிக்குச் சொந்தக்காரர் குமாரவடிவேல் ஒரு கம்பெனியில் மேனேஜர். சட்டையில் கிரீஸ் படாத தூரத்தில் நின்றார்.

“சார், வெடிப்பு ஆழமாப் போயிருச்சுங்க. லேத்துல குடுத்து இழைச்சாலும் போவாது. கியர்பாக்ஸ் எறக்கியிருக்கறப்பவே ஃப்ளைவீலையும் மாத்திப் போட்டரலாமுங்க. உட்டா, மறுக்கா இத்தனையும் எறக்கோணும்.”

“அதான் செட்டு வாங்கியாச்சே?”

“அது செட்டுல வராதுங்க.”

குமாரவடிவேல் சிரித்தார். “கெட்டுப்போற சாமானா இருந்தா செட்டுலயே வெச்சிருக்க மாட்டானா? வெக்கலைன்னா, அது கெட்டுப்போகாதுன்னு அர்த்தம். அதுவும் கம்பெனி ஒரிஜினல், இத்தனை வருஷ சர்வீஸ். அதைப் போய்க் கழட்டி எறியச் சொல்றீங்களே!”

சென்னியப்பன் உப்புத்தாளை எடுத்தார். ஃப்ளைவீல் அடக்கமாக இருந்தது. பிளேட் கத்திப் பார்த்தது. ஆனால், மாட்டி ஓட்டிய பிறகுதான் பாகங்கள் போடும் சத்தம் மனிதர் காதில் விழும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் ஃப்ளைவீல் பளபளவென்று ஆகிவிட்டது, கல்யாணத்துக்குப் பவுடர் பூசியது போல. அதன் மேல் பிளேட்டை வைத்து, பிரஷர் பிளேட்டால் மூடி, சென்னியப்பன் போல்ட்டுகளை முடுக்கத் தொடங்கினார்.

நாலாவது போல்ட்டின்போது மேனேஜரின் போன் அடித்தது.

“என்னது, அந்தப் பையனும் ராஜினாமா லெட்டர் குடுத்துட்டானா? சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகலையேய்யா! அந்த ஒரு சீட்டுக்கு எத்தனை பேரைத்தான் மாத்தறது? இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தாங்கற சக்தியே கிடையாது. சரி, வேற ஆளைப் பாரு.”

போனை வைத்துவிட்டு, பார்த்தீர்களா என்பதுபோல் சென்னியப்பனைப் பார்த்தார்.

சென்னியப்பன் ஸ்பேனரை நிறுத்தாமல் கேட்டார்: “ஏனுங் சார், அந்தச் சீட்டுக்கு எதுத்த சீட்டு யாருதுங்க?”

“என்னோடதுதான். ஏன்?”

“சும்மா கேட்டனுங்க,” என்று சொல்லிவிட்டு அவர் கடைசி போல்ட்டையும் இறுக்கினார்.