மலையேறாத தீ

கல்லும் உலோகமும் நம்மைப் போல வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு மலையின் வயிற்றுக்குள் தீயும் கந்தகமும் வெள்ளியும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக வளர்ந்தார்கள். தீ மூத்தவன். கந்தகம் நடுவில். வெள்ளி கடைக்குட்டி.

கந்தகம் அப்போது என்ன மணம் தெரியுமா! சிரிக்காதீர்கள். தாழம்பூகூட அவள் பக்கத்தில் நிற்க வெட்கப்படும். கந்தம் என்றால் மணம். அந்தப் பெயரைச் சும்மாவா வைத்தார்கள்?

பெண்கள் வளர்ந்ததும், பெற்றவளான மலையம்மா இருவரையும் அடிவாரத்தில் சடைச்சி என்கிறவள் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். சடைச்சி கைக்குழந்தைக்காரி, ஒத்தாசைக்கு ஆளில்லை. வெள்ளி தொட்டிலை ஆட்டினாள். கந்தகம் வீட்டைப் பெருக்கினாள். அவள் நடந்த இடமெல்லாம் மணந்தது. ஆனால் இறங்கிய கல் திரும்பி ஏற முடியாது அல்லவா? அதுதான் அவள் துக்கம்.

தீ மட்டும் காலையில் அடுப்புக்கு இறங்கி வருவான். சோறு வெந்ததும் சடைச்சி, "போதும் ராசா, மலையேறு" என்பாள். உடனே ஏறிவிடுவான். வேலை முடிந்த இடத்தில் நின்றால் உனக்குப் பசி வரும், நிற்காதே என்பது மலையம்மாவின் கட்டளை.

அவனைப் பார்த்தாலே கந்தகத்துக்கு வீட்டு ஞாபகம்தான். "அண்ணே, அந்த வெந்நீர் ஊத்து இன்னும் கொப்புளிக்குதா? நாம ஒளிஞ்சு விளையாடின பொந்து இருக்கா?"

"எல்லாம் இருக்கு புள்ள. நீ கிறுக்கின சுவரு மஞ்சளா அப்படியே இருக்கு. அம்மா அதைத் தடவித் தடவிப் பாக்குது."

கந்தகம் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்தாள். "இன்னிக்கு ஒருநாள் மலையேறாதே அண்ணே. கொஞ்ச நேரம் பேசிட்டு இரு."

"சடைச்சி பாத்தா விரட்டுவாளே!"

"என் முந்தானைக்குள்ள இரு. யாரு கண்ணுக்குத் தெரியப்போகுது?"

அவள் கட்டியிருந்தது நீலச் சேலை. செக்கச்செவேலென்று இருந்த தீ, அந்த நீல முந்தானையைப் போர்த்திக்கொண்டு கொல்லை வெயிலில் உட்கார்ந்தான். அடித்த வெயிலில் அவன் இருக்கிற இடமே தெரியவில்லை. அண்ணனும் தங்கையும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். நடுவில் அவன், "புள்ள, பசிக்குது" என்றான். பேச்சு ருசியில் அது அவள் காதில் விழவே இல்லை. அவன் முந்தானையைக் கடித்தான். அப்புறம் பக்கத்திலிருந்த வைக்கோலைத் தின்றான். அப்புறம் தொட்டில் கட்டிய அறையின் கூரைக்குத் தாவினான்.

"தீ! தீ! பிள்ளையைத் தூக்குங்க!" என்று கந்தகம் அலறினாள்.

வெள்ளி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "எங்கேக்கா? வெயில்தானே அடிக்குது!"

வாசலில் நெல் துழாவிக்கொண்டிருந்த சடைச்சி, "இவளுக்கு எப்பப் பாத்தாலும் விளையாட்டு" என்று சிரித்தாள்.

கந்தகம் தானே ஓடினாள். ஐயோ, பாவம்! உடம்பு உருகிவிட்டது. மஞ்சள் மேனி ரத்தச் சிவப்பாகி வழிந்தது. வழிந்த இடமெல்லாம் தீயும் கூடவே வந்தான். காப்பாற்ற ஓடுகிறவள் நெருப்பைத்தான் சுமந்துகொண்டு போகிறாள் என்று புரிந்ததும் நின்றுவிட்டாள். பிறந்த வீட்டை நினைத்து நினைத்து, சோறு போட்ட வீட்டைக் கொளுத்திவிட்டேனே என்று மனசு பதறியது.

அவளுக்கு முன்னால் போய்ச் சேரக்கூடியது ஒன்றுதான் இருந்தது.

"அண்ணே, என் மணத்தைத் தின்னு. தின்னுட்டு மிச்ச நெடியை உள்ளே அனுப்பு, வெள்ளி வெளியே ஓடி வருவா."

"அது போனா உன்னை யாரும் கிட்டச் சேக்க மாட்டாங்க புள்ள."

"பிள்ளை இருக்கு அண்ணே, உள்ளே பிள்ளை இருக்கு!"

தின்றான். மணம் கருகி, நெடியாகி அறைக்குள் பாய்ந்தது. பிள்ளை வீலென்று அலறியது. கண்ணெரிந்து, இருமி, மூச்சுத் திணறிய வெள்ளி பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். சடைச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டினாள். "மலையேறு ராசா, மலையேறு!"

தீ தலை குனிந்துகொண்டே ஏறினான். "உன்னைப் பாக்க வரும்போதெல்லாம் இந்த நீலத்தைப் போர்த்திக்கிட்டுத்தான் வருவேன் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளி ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். கட்டிய கை கருத்தது. "கிட்ட வராதேடி!" என்று கந்தகம் விலகினாள்.

"கருத்தா என்ன? சாம்பல் போட்டுத் தேய்ச்சா வெளுத்துட்டுப் போறேன்" என்று வெள்ளி இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

சடைச்சி பிள்ளையின் முகத்தைத் துடைத்தபடி அழுதாள். மணம் போய்விட்டதே, இனி இவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று, அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரன் கேட்டதற்கு அவளுக்கு வந்ததே கோபம்! "என் பிள்ளை மூச்சுல இருக்குடா அவ மணம். பேரை மாத்தினா நாக்கை அறுத்துருவேன்" என்றாள்.

அன்று முதல்தான், விளக்கு அணைந்தால் மலையேறிவிட்டது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவைக்கிறோம். அன்று முதல்தான், கந்தகம் வெயிலில் தெரியாத நீலமாக எரிகிறது, பக்கத்தில் போன வெள்ளி கருத்துத் திரும்புகிறாள், கண் காணும் முன்பே நெடி வந்து நம்மை வெளியே விரட்டுகிறது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறோம். ஓடும்போதும் அவளை மணம் என்றுதான் கூப்பிடுகிறோம்.