எச்சில் கண்ணாடி

முதலில் துப்பியவன் தொம்மை. உடன்பிறந்த அண்ணன்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், கோயில் வாசலில், ஊரே பார்க்க இன்னாசியின் முகத்தில் துப்பினான்.

"நங்கூரச் சங்கிலியை மாட்டாம வந்து வள்ளத்தைத் தின்னுட்டியேடா!"

இன்னாசி மாட்டிவிட்டுத்தான் வந்திருந்தார். சொன்னார். யாரும் நம்பவில்லை. இரண்டு பேருக்கும் இருந்த ஒரே வள்ளம் பவளப்பாரில் மோதி மூழ்கி, மணலுக்குள் போய்விட்டது.

போன வருஷப் புயலில் அந்த மணல் விலகியது. வள்ளம் வெளியே தெரிகிறது என்றார்கள்.

அந்த இடத்தில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஆழம் மூன்று ஆள்கூட இல்லை. வெளியூர்க்காரர்கள் முதன்முதலாக முங்கிப் பழகுவது அங்கேதான். பழக்குகிறவள் ஆக்னஸ். இன்னாசிக்கு மகள் வயதுகூட இராது.

"ஒரு சங்கிலியைப் பார்க்கணும் டீச்சர்," என்றார் இன்னாசி. "இந்தப் பழியோட நான் சாகக் கூடாது."

"முங்கத் தெரியுமா ஐயா?"

"கடல்ல பிறந்தவன் நான். எங்களுக்கு மூச்சே போதும்."

"அப்போ முதுகுல மாட்டியிருக்கிற காத்து சிலிண்டரைக் கழற்றி வச்சிட்டுப் போங்க."

இன்னாசி சிலிண்டர் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டார். இப்போதெல்லாம் மாடிப்படிக்கே மூச்சுப் போதவில்லை.

இன்ஜின் படகின் ஓரத்தில் உட்காரவைத்து, முகக்கண்ணாடியை நீட்டினாள்.

"உள்பக்கம் துப்பித் தேய்ச்சு அலசுங்க. இல்லாட்டி ஆவி படியும்."

"முகத்துல மாட்டுறதுலயா?"

"ஆமா."

"வேற ஆளைப் பாரும்மா. என் முகத்துல ஒருத்தன் துப்பினதே போதும்."

அவள் வற்புறுத்தவில்லை. அப்படியே மாட்டிவிட்டாள்.

இறங்கினார்கள்.

கண்முன் ஒரே வெள்ளை. மீனும் தெரியவில்லை, பவளப்பாரும் தெரியவில்லை. சொந்த மூச்சுதான் கேட்டது. ஆக்னஸ் அவர் கையைப் பிடித்து எதன்மேலோ வைத்தாள். இரும்பு. கரகரத்தது. அவ்வளவுதான்.

மேலே வந்தார்கள்.

"பார்த்தீங்களா?"

"எதைப் பார்க்க? சுண்ணாம்புச் சுவரைப் பார்த்த மாதிரி இருந்துச்சு."

கண்ணாடியைக் கழற்றி அவர் மடியில் போட்டாள். பிறகு கரைப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

இன்னாசி அதை வெகுநேரம் பிடித்திருந்தார். வாய் வறண்டு கிடந்தது. எச்சிலைக் கூட்டித் துப்பினார்.

இந்தத் தடவை எல்லாம் தெரிந்தது.

செத்த மாட்டின் விலா எலும்பு மாதிரி வள்ளத்தின் பலகைகள். நடுவே மஞ்சள் மீன்கள் வீட்டுக்காரர்கள்போலப் போய்வந்தன. முன்மூக்கில் வளையம். வளையத்தில் சங்கிலி. போட்ட கொக்கி போட்டபடியே இருந்தது.

சங்கிலியின் மறுமுனைக்கு நீந்தினார். நங்கூரத்தில் மணலைப் பிடிக்கிற ஒரு கை முறிந்திருந்தது. பற்றவைத்த இடத்தில்.

பட்டறைக்குக் கொண்டுபோய் அதைப் பற்றவைத்து வாங்கிவந்தவன் தொம்மை.

மேலே வந்ததும் இன்னாசி சிரித்தார். சிரிப்பு இருமலாக முடிந்தது.

"அவனைக் கூட்டிட்டு வரேன் டீச்சர். கழுத்தைப் பிடிச்சு இழுத்தாவது கொண்டுவரேன். தன் கண்ணால பார்க்கட்டும்."

ஆக்னஸ் கண்ணாடியை வாளித் தண்ணீரில் அலசினாள்.

"நெத்தியில தழும்பு இருக்குமே, அவரா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"புயல் ஓய்ஞ்சு கடல் தெளிஞ்சதுமே வந்தாரு. கண்ணாடியைக் கையில குடுத்தேன். நான் சொல்றதுக்கு முன்னாடியே துப்பினாரு. அந்த நங்கூரத்துக்கிட்ட ரொம்ப நேரம் இருந்தாரு."

போன வருஷமே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தொம்மையின் வீடு அடுத்த தெரு. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்து, இன்னாசிக்குப் பின் பெஞ்சில்தான் உட்காருகிறான்.

"மேலே வந்து என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. கண்ணாடிக்குள்ள தண்ணி நின்னுச்சு."

"கடல் தண்ணியா?"

"நான் நாக்குல வச்சுப் பார்க்கல ஐயா."

இன்னாசி கரையைப் பார்த்தார். கோயில் கோபுரம் சின்னதாகத் தெரிந்தது.

"அதெல்லாம் எனக்கு ஆகாது," என்றார். "துப்பினது கோயில் வாசல்ல. வந்து சொல்லவேண்டியதும் அங்கதான்."

ஆக்னஸ் இன்ஜினைக் கிளப்பினாள்.

படகு கரையைத் தொட்டது. கோயில் வாசலில் யாரும் இல்லை.