ஐந்தாம் பதிப்பில் இல்லாதவன்

இந்தச் சம்பவத்தை நான் பல வருடங்களாக நம்பவில்லை. நம்பாமலே மற்றவர்களுக்குச் சொல்லியும் வந்திருக்கிறேன். கேட்டவர்களில் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. அதுவே என் சந்தேகத்தை வளர்த்தது.

எனக்குச் சொன்னவர் ஒரு பெரியவர். பழவேற்காட்டில், ஏரிக்கரை ஐஸ் கம்பெனி வாசலில் உட்கார்ந்திருப்பார். மீன்வளத் துறை வேலையாக நான் அங்கே போவதுண்டு. அவர் பெயர் கம்பெனிக்காரர்களுக்கே தெரியாது. போகும்போதெல்லாம் அவருக்கு ஒரு டீ வாங்கித் தருவேன். கிளாஸைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசுவார். பேசும்போது அவருடைய விரல்கள் பெஞ்சுப் பலகையில் எதையோ மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கும். நான் எழுந்து வரும்போது டீயின் மேல் ஆடை படிந்திருக்கும்.

அவர் சொன்னது இது.

பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் எழுபதுகளில் ஒரு ராக் இசைக்குழு இருந்தது. பெயர் செமஃபோர். ரயிலுக்குக் கை காட்டும் கம்பத்தின் பெயர். ஐந்து பேர். பேஸ் கிதார் வாசித்தவன் வேதாசலம். ஒரு நாள் பொழுது சாயும் நேரம், ஏரிக்கு அக்கரையில் கலங்கரை விளக்கம் இருக்கும் ஊரில் வாசித்துவிட்டுத் திரும்பும்போது படகு கவிழ்ந்தது. அதன் பிறகு வேதாசலத்தை யாரும் பார்க்கவில்லை. உடலும் ஒதுங்கவில்லை.

குழுவின் மேனேஜர் அவர்களுடைய வரலாற்றை எழுதிப் புத்தகமாகப் போட்டார். அவர்கள் பாடியது ஆங்கிலத்தில். மேனேஜருக்கு எழுத வந்தது தமிழ் மட்டும். புத்தகம் விற்றது. ஆனால் ஒவ்வொரு முறை அச்சிடும்போதும் குழுவில் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டார். மேனேஜர் திருத்தினார். திருத்தியதை முன்னுரையில் சொல்ல மாட்டார்.

முதல் பதிப்பில் வேதாசலம் மூழ்கிப் போனான். இரண்டாம் பதிப்பில் அவன் படகில் ஏறவே இல்லை. கிதாரை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டுக் கரையில் நின்றான். மூன்றாவதில் தண்ணீரில் விழுந்த கிதாருக்காகக் குதித்தான். நான்காவதில் அன்று காலையிலேயே சண்டை போட்டுக்கொண்டு விலகிவிட்டிருந்தான். ஐந்தாம் பதிப்பில் அவன் இல்லை. குழுவில் எப்போதும் நான்கு பேர்தான். அட்டைப் படத்திலும் நான்கு பேர். பின்சுவரில் நிழல்கள் மட்டும் ஐந்து.

வேதாசலத்தின் தம்பி தணிகாசலம். பழைய புத்தகக் கடைகளில் அலைந்து எல்லாப் பதிப்புகளையும் சேர்த்தார். இசையில் அவருக்கு ஆர்வம் கிடையாது. அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: அண்ணனுக்குத் திதி கொடுக்கலாமா, கூடாதா.

அம்மா இருந்தவரை விடவில்லை. "உசிரோட இருக்கிற புள்ளைக்கு எள்ளும் தண்ணியும் விடுவியா? கை அழுகிப்போவும்டா." அம்மா போய்விட்டார். தணிகாசலத்துக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. தனக்குப் பிறகு எள் இறைக்கக் குடும்பத்தில் ஆளில்லை என்ற கணக்கு அவரைத் தூங்கவிடவில்லை. அண்ணன் இறந்திருந்தால் இத்தனை காலமும் பட்டினி. இறக்காமல் இருந்தால், கொடுப்பது பாவம்.

பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில் கோத்தகிரியில் ஒருவர் கெட்டிக்காரர் என்று ஒரு புத்தகக் கடைக்காரர் சொன்னார். இமாகுலேட் டீச்சர். ஓலைச்சுவடி நூலகத்தில் பாடபேதம், அதாவது சுவடிக்குச் சுவடி மாறும் சொற்களை, பார்த்துப் பழகியவர். தணிகாசலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறினார். கதவைத் திறந்தவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது.

"டீச்சர் இல்லீங்களாம்மா?"

"நான்தான்."

"நான் கொஞ்சம் வயசானவங்கன்னு நெனச்சேன்."

"நானும் கடைக்காரரு அனுப்பின ஆளு கொஞ்சம் சின்னவருன்னு நெனச்சேன். உள்ள வாங்க. பனி எறங்குது."

பெட்டியைத் திறந்து மேசையில் அடுக்கினார். அடுக்கி முடிப்பதற்குள்ளேயே கேட்டுவிட்டார்.

"இதுல எது உண்மை, டீச்சர்?"

டீச்சர் இரண்டாம் பதிப்பை எடுத்து தணிகாசலத்திடம் கொடுத்தார். முதல் பதிப்பைத் தான் எடுத்துக்கொண்டார்.

"நீங்க சத்தமா வாசிங்க. நான் இதுல கண்ணை ஓட்டிக்கிட்டே வருவேன். எங்க மாறுதோ அங்க பென்சிலால ஒரு தட்டு தட்டுவேன். நிறுத்தணும்."

"சரிங்க."

"அச்சுல இருக்கிறதை மட்டும் வாசிக்கணும். அர்த்தம் பண்ணிக்கக் கூடாது. அர்த்தம் பண்ணினா கண்ணு முந்திக்கும்."

தணிகாசலம் வாசித்தார். தட்டு விழுந்தது, நிறுத்தினார். மறுபடி வாசித்தார். படகு வந்தது. மற்றவர்கள் ஏறினார்கள். "வேதாசலம் கரையேறி வீட்டுக்கு நடந்தான்" என்று வாசித்தார்.

தட்டு.

"உங்க பதிப்புல முழுகிட்டான். அதுக்காகத் தட்டினீங்களா?"

"அதுக்கும்தான். உங்க கையில இருக்கிறதைத் திரும்பப் பாருங்க."

பார்த்தார். "வேதாசலம் கரையில் நின்றான்." அவ்வளவுதான் இருந்தது.

"வீடு எங்கேருந்து வந்துச்சு ஐயா?"

தணிகாசலம் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"சுவடி படிக்கிறவங்களுக்கும் இது வரும். ராமாயணம் பார்க்கிறப்ப ஒரு பெரியவரு சீதையைக் காட்டுக்கு அனுப்ப விடவே மாட்டாரு. மறுபடி வாசிங்க."

அப்படிப் பல நாட்கள் போயின. தணிகாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினார். காலையில் வருவார், பனி ஜன்னலை மூடும்வரை வாசிப்பார்கள். அவருடைய வாசிப்பு மாறியது. குரலில் ஏற்ற இறக்கம் போயிற்று. யாரோ ஒருவனின் அண்ணனைப் பற்றி யாரோ ஒருவன் வாசிப்பதுபோல வாசித்தார்.

ஒரு நாள் பாதியில் நிறுத்திக் கேட்டார். "டீச்சர், எல்லாத்தையும் ஒப்பிட்டு முடிச்சா எது மூலம்னு தெரிஞ்சிடுமா?"

"எது எங்க மாறியிருக்குன்னு தெரியும்."

"அதை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ண?"

"வாசிங்க."

கடைசியில் ஐந்தாம் பதிப்பு மிஞ்சியது. அதை தணிகாசலம் எடுத்துக்கொண்டார். டீச்சர் கையில் முதல் பதிப்பு. அன்று கதவைச் சாத்தியிருந்தார்கள். அறையில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான்.

பெயர் இருக்கவேண்டிய இடங்களிலெல்லாம் தட்டு விழுந்துகொண்டே வந்தது. ஏரி வந்தது. படகு வந்தது. தணிகாசலம் ஒரே சீராக வாசித்தார்.

"நால்வரும் படகில் ஏறினர். காற்று மேற்கிலிருந்து வீசியது. கரையில் ஒருவன் நின்றான். அவனுக்குப் பசித்தது."

மேசையில் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. பென்சில் சத்தம் இல்லை. விரல் நுனியால் தட்டியது.

தணிகாசலம் நிமிர்ந்தார். டீச்சர் இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்திருந்தார். பென்சில் அவர் காதில் செருகியிருந்தது.

"நீங்க தட்டினீங்களா டீச்சர்?"

"இல்ல. இப்ப வாசிச்ச ரெண்டு வரியைத் திரும்ப வாசிங்க."

அவர் விரலை வைத்துத் தேடினார். காற்று மேற்கிலிருந்து வீசியது. அதற்கடுத்து படகோட்டியின் பெயர் இருந்தது. பக்கத்தைத் திருப்பினார். முந்தைய பக்கத்தையும் பார்த்தார்.

"இல்லையே, டீச்சர்."

"என் புத்தகத்திலயும் இல்ல."

"மத்ததுல?"

"எதிலயும் இல்ல. எல்லாம் வாசிச்சாச்சே."

"நானா சேர்த்துட்டேனா? முன்னாடி வீட்டுக்கு நடந்தான்னு வாசிச்ச மாதிரியா?"

"ஆசைப்பட்டவங்க, வீட்டுக்கு வந்தான்னு வாசிப்பாங்க. பசிச்சுதுன்னு யாரு ஆசைப்படுவாங்க?"

ஜன்னலில் பனி ஏறியிருந்தது. தணிகாசலம் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார்.

"எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியலையே டீச்சர். அவரு இருக்காரா, செத்துட்டாரா?"

"பசிக்கிதுன்னு வந்து நிக்கிறவன்கிட்ட, நீ இருக்கியா செத்துட்டியான்னு கேட்டுட்டா ஐயா சோறு போடுவாங்க?"

இத்துடன் பெரியவர் நிறுத்திவிடுவார். வெவ்வேறு சமயங்களில் மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் ஒரு சொல் மாறவில்லை. பதிப்புக்குப் பதிப்பு மாறும் ஒரு புத்தகத்தைப் பற்றிய கதை, மாறாமல் வந்தது. நான் சந்தேகிக்கத் தொடங்கியது அங்கேதான்.

ஐந்தாம் பதிப்பு ஒன்றைத் தேடி வாங்கினேன். அந்த இரண்டு வரி அதில் இல்லை. நிழல்களை எண்ணினேன். பிறகு அந்தப் புத்தகத்தைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். என்னைப்போன்ற ஒருவன் எதற்காக அப்படிச் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

ஒரு வேலையாக ஊட்டிக்குப் போனபோது கோத்தகிரியில் இறங்கினேன். இமாகுலேட் டீச்சர் இருந்தார். நான் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார்.

"இதை உங்களுக்கு யாரு சொன்னா?"

பெரியவரைப் பற்றிச் சொன்னேன்.

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. தணிகாசலம் ஐயாவும் சொல்லியிருக்க மாட்டாரு. தட்டின சத்தத்தைக்கூடவா சொன்னாரு?"

"விரல் நுனியால ரெண்டு தட்டுன்னாரு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் ஐயா போன் பண்ணினாரு. சோறு எடுத்துக்கிட்டு அந்த ஏரிக்கரைக்குப் போறேன்னாரு. ஆனா எப்படிச் சமைக்கிறதுன்னு கொழப்பம். திதிச் சமையல்னா வெங்காயம் சேர்க்கக் கூடாதாம். அண்ணனுக்கோ வெங்காய சாம்பார் இல்லேன்னா சோறே எறங்காதாம். ரெண்டு விதமாவும் பண்ணி எடுத்துட்டுப் போகட்டுமான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரு பசிக்கு ஒரு சாப்பாடுதான் ஐயா, ரெண்டுல ஒண்ணு பண்ணுங்கன்னேன்."

"எதைப் பண்ணினாரு?"

"நான் கேக்கல. அவரே அடுப்படியைச் சாத்திக்கிட்டு சமைச்சாராம், வீட்டுக்காரம்மாவுக்கே தெரியாது. அந்த ஐப்பசியில தவறிட்டாரு."

மலையிறங்கும்போது நான் ஒன்றைத் தீர்மானித்திருந்தேன். அந்தப் பெரியவரிடம் யார் என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். அதையும் சந்தேகிப்பேன்.

அடுத்த முறை பழவேற்காடு போனபோது நல்ல வெயில். ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் அதே பெஞ்சில் இருந்தார். டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன்.

"அந்த தணிகாசலம் அப்புறம் என்ன பண்ணினாரு பெரியவரே?"

இதுவரை நான் கேட்டதில்லை. அவர் ஏரியைப் பார்த்தார்.

"வந்தான். ஆடி அமாவாசையன்னிக்கு. தோ, அந்தத் தோணி கட்டியிருக்குதே, அங்கதான் எலை போட்டான். நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு குனிஞ்சி குனிஞ்சி பரிமாறினான். எள்ளும் எறைக்கல, மந்திரமும் சொல்லல. போட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம போயிட்டான்."

அதுவரை அவர் தணிகாசலத்தை 'அவரு' என்றுதான் சொல்லியிருந்தார்.

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்காம?" சிரித்தார். "தலை நரைச்சிப்போச்சு. ஆனா நடை மாறல. அதே கோணக்காலு."

விரல்கள் பலகையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தன.

"டீ ஆறுது பெரியவரே."

"நீ வாங்கித் தர்றே, வேணாம்னு சொல்ல மனசு வரல தம்பி. அன்னியிலேருந்து எனக்குப் பசியே எடுக்கறதில்ல."

ஐஸ் உடைக்கும் சத்தம் நின்றிருந்தது. அவர் இருக்கிறாரா, இல்லையா என்று கேட்க வாய்வரை வந்ததை விழுங்கினேன். டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. பிறகு, இத்தனை வருடமும் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"சாம்பார்ல வெங்காயம் இருந்துச்சா?"