ஓர் எழுத்து குறைந்த சீட்டு

பின்லாந்தில் ஒரு சின்ன ஊர். அங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்தாள் மார்த்தாண்டத்துக்காரி இருதயமேரி. வயது நாற்பத்தாறு. அவளுக்குப் பின்னிஷ் சொல்லிக்கொடுத்த கைசுவுக்கு இருபத்தைந்துதான்.

ஒருநாள் வகுப்புக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள் மேரி. கையில் ஒரு சீட்டு.

"டீச்சர், இதுல நான் என்ன எழுதியிருக்கேன்?"

"என்ன எழுத நினைத்தீர்கள்?"

"எங்க இல்லத்துல இருக்கற வெய்க்கோ ஐயாவுக்குக் காது கேக்காது. அவரைப் பாக்க யாரும் வர்றதும் இல்ல. 'நாளைக்கு உங்களைச் சந்திக்கிறேன்'னு நேத்து எழுதி வச்சிட்டுப் போனேன். காலைல இதைப் பாத்த மேலாளர் அம்மா முகம் வெளுத்துப்போச்சு. எனக்கு வேலை நிலைக்குமான்னே தெரியல."

கைசு படித்தாள். சிரிக்கவில்லை.

"தபான் என்றால் சந்திக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பது தபன். கொல்கிறேன்."

மேரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்களுக்கு நெடிலுக்கென்று தனி எழுத்து கிடையாது. குறிலையே இரண்டு தடவை எழுதுவோம். நீங்கள் ஒரு தடவையோடு நிறுத்திவிட்டீர்கள்."

"எங்க ஊர்ல நியூமராலஜி பாத்து, இங்கிலீஷ்ல பேரை எழுதும்போது ஒரு எழுத்து கூடப் போடுவாங்க. இதுவும் அப்படித்தான், தேவையில்லன்னு நெனச்சு விட்டுட்டேன்."

கைசு ஒரு தாளை நீட்டினாள். மேரி எழுதினாள். பயத்தில் அந்தக் குறிலை மூன்று தடவை எழுதிவிட்டாள்.

"இரண்டு போதும்."

மேரி அடித்துவிட்டு நிமிர்ந்தாள். குழப்பம் தீரவில்லை.

"ஆனா டீச்சர், அவர் ஏன் பயப்படல? காலைல போனா, சவரம் பண்ணி, கோட்டு போட்டு, டை கட்டி, கதவையே பாத்துட்டு உக்காந்திருக்கார். என்னைக் கண்டதும் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டார். சாகத் துணிஞ்சுட்டாரா? இல்ல, சரியாப் படிக்கலையா?"

"என் அம்மாவுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் வெய்க்கோ. ஓர் எழுத்து விட்டால் நூறு முறை எழுத வைப்பாராம். எழுதியிருப்பதை அப்படியே படிக்க வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பாராம்."

"அப்படிப்பட்டவர் எப்படி..."

கைசு சீட்டை மடித்து அவள் கையில் வைத்தாள்.

"எனக்கும் அதுதான் ஆச்சரியம். இல்லாத எழுத்தைச் சேர்த்துப் படிக்க அவருக்கு யார் கற்றுக்கொடுத்தது?"